சேர்ந்து பாடினா சேதாரம் இல்லை!

காலேஜ் டூர் பஸ்ஸைக் கவனிச்சிருக்கீங்களா? கிளம்பின முதல் அரை மணி நேரம் ஆளாளுக்கு ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு ஜன்னல் வழியா வெறிச்சுப் பார்த்துட்டு இருப்பாங்க. திடீர்னு கடைசி சீட்டில் இருந்து ஒருத்தன் ஒரு குத்துப்பாட்டை எடுத்து விடுவான். சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். ரெண்டாவது வரியில நாலு பேர் சேருவாங்க. சரணம் வந்ததும் வார்த்தை தெரியாம எல்லாரும் ‘ல ல லா’ போட்டு சமாளிப்பாங்க. மறுபடி பல்லவி வரும்போது மொத்த பஸ்ஸும் பாடிட்டு இருக்கும். ஒரு செமஸ்டர் முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசிக்காத ரெண்டு பேர், அடுத்த டீக்கடையில பக்கத்துல பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டு இருப்பாங்க.

‘ஜாலி பாஸ்’னு ஒரே வார்த்தையில இதை முடிச்சுடலாம். ஆனா, அந்த ஜாலிக்குள்ளே நம்ம உடம்புல என்னதான் நடக்குதுன்னு தெரிஞ்சுக்க, ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியையும் எச்சில் எடுக்கிற குப்பியையும் தூக்கிட்டு விஞ்ஞானிகள் பாட்டுக் குழுக்களுக்குப் பின்னாடியே அலைஞ்சிருக்காங்க. அவங்க கண்டுபிடிச்ச மேட்டர்தான் இந்த வாரம்!

232 பேரும் ஒரு கைப்பட்டையும்

லண்டனில் ‘பாப்கொயர்’னு ஒரு அமைப்பு. சினிமா கச்சேரி மாதிரி மேடைக்காரர்கள் இல்லை. ஆபீஸ் முடிஞ்சு வர்ற சாதாரண ஜனங்கள் வாராவாரம் அவங்கவங்க ஏரியாவில் 20-லிருந்து 80 பேர் வரை கூடிப் பாடுவாங்க. அவ்வப்போது எல்லா ஏரியாக்காரங்களும் ஒரே இடத்தில் சேர்ந்து ஒரு மெகா குழுவா பாடுவாங்க. ஆராய்ச்சி நடந்தபோது அந்த மெகா குழுவில் இருந்தது 232 பேர். இதுல பல பேருக்கு மத்தவங்க யார் யார்னே தெரியாது.

பாடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் இவங்க கையில ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கட்டி, காத்தை ஏத்திக்கிட்டே போனாங்க. ‘போதும், வலிக்குது’னு எப்போ சொல்றாங்களோ, அதுதான் அவங்க வலி தாங்குற அளவு. ஒன்றரை மணி நேரப் பாட்டுக்கு அப்புறம் அந்த அளவு கூடியிருந்தது. அதாவது, முன்னாடி வலிச்ச அழுத்தம் இப்போ வலிக்கலை.

ஏன் வலியை அளக்கணும்? உடம்பு தானே தயாரிக்கிற வலி நிவாரணி ஒண்ணு இருக்கு. பேரு எண்டார்ஃபின். ஓடி முடிச்ச பிறகும், வயிறு குலுங்கச் சிரிச்ச பிறகும் ஒரு சுகம் வருதே, அதுக்கு இதுதான் காரணம்னு சொல்றாங்க. மூளைக்குள்ளே இது எவ்வளவு சுரக்குதுன்னு ஊசி போட்டுச் சுலபமா எடுத்துப் பார்க்க முடியாது. அதனால குறுக்கு வழியா வலி தாங்குற சக்தியை அளக்கிறாங்க.

2016-ல் வெளியான இந்த ஆராய்ச்சியில் இன்னொரு சுவாரஸ்யம். ஏற்கெனவே பழகின சின்னக் குழுவைவிட, முகம் தெரியாத அந்த 232 பேர் கூட்டத்தில்தான் ‘நாம எல்லாம் ஒண்ணு’ங்கிற நெருக்கம் அதிகமா எகிறியிருந்தது!

குரங்கு பேன் பார்க்கும்... மனுஷன் பாடுவான்!

இந்த ஆராய்ச்சியில் பங்கெடுத்தவர்களில் ஒருத்தர் ராபின் டன்பார். ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியரா இருந்தவர். ‘ஒரு மனுஷனால சுமார் 150 பேரோடதான் உருப்படியா உறவு வெச்சுக்க முடியும்’னு சொன்னாரே, அதே டன்பார்தான். அவருடைய கருத்து இது: குரங்குகள் ஒண்ணுக்கொண்ணு பேன் பார்த்துதான் உறவை வளர்த்துக்குது. அந்தத் தடவலில் எண்டார்ஃபின் சுரக்கும். ஆனா ஒரு சமயத்தில் ஒரு குரங்குக்குத்தானே பேன் பார்க்க முடியும்? மனுஷக் கூட்டம் பெருசாக ஆக, ஒரே நேரத்தில் பல பேரை இணைக்கிற ஏதோ ஒண்ணு தேவைப்பட்டது. சேர்ந்து சிரிக்கிறது, சேர்ந்து ஆடுறது, சேர்ந்து பாடுறது எல்லாம் அப்படி வந்ததுதான்ங்கிறார்.

இது அவருடைய ஊகம். ஆனா ‘சேர்ந்து’ங்கிற வார்த்தைக்கு ஆதாரம் இருக்கு. ஆக்ஸ்ஃபோர்டு படகுப் போட்டி வீரர்களை உடற்பயிற்சிக் கருவியில் துடுப்பு போடச் சொன்னாங்க. ஒரு நாள் தனியா, ஒரு நாள் குழுவா. ரெண்டு நாளும் ஒரே அளவு உழைப்புதான். ஆனா ஒரே தாளத்தில் சேர்ந்து துடுப்பு போட்ட நாளில் வலி தாங்குற சக்தி கணிசமா கூடியிருந்தது.

இதை நம்ம ஊர்ப் பாட்டி யாரிடமாவது போய்ச் சொல்லிப் பாருங்க. ‘இதுக்கு எதுக்குடா ஆக்ஸ்ஃபோர்டு?’னு சிரிப்பாங்க. நாத்து நடும்போது நடவுப் பாட்டு, தண்ணி இறைக்க ஏற்றப் பாட்டு, கடற்கரையில் வலை இழுக்க அம்பாப் பாட்டுன்னு முதுகு ஒடியிற வேலை எல்லாத்துக்கும் ஒரு பாட்டு இருந்தது. ஒருத்தர் எடுத்துக் கொடுப்பார், மத்தவங்க திருப்பிச் சொல்வாங்க. எல்லாக் கையும் ஒரே நேரத்தில் இழுக்கணுமே, அதுக்குத் தாளம் வேணும். வலியையும் அந்தத் தாளம்தான் வாங்கிக்கிச்சு. சாவு வீட்டில் பெண்கள் தோளைக் கட்டிக்கிட்டு வட்டமா உட்கார்ந்து வைக்கிற ஒப்பாரியும் சேர்ந்து பாடுறதுதான். தனியா அழுதா தாங்காது என்பது அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

ஒரே பாட்டு, ஒரே துடிப்பு

பாடுறதுன்னா என்ன? சட்டுனு மூச்சை உள்ளே இழுத்து, ரொம்ப நேரம் மெதுவா வெளியே விடுறது. அவ்வளவுதான். அந்த வெளி மூச்சில் சத்தம் கலந்தா பாட்டு.

மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் வேகமாகும். வெளியே விடும்போது மெதுவாகும். ‘வேகஸ்’னு ஒரு நரம்பு மூளையில் இருந்து இதயத்துக்கு வந்து பிரேக் மாதிரி வேலை செய்யுது. நீளமா மூச்சு விடும்போது அந்த பிரேக் நல்லாப் பிடிக்கும். பிராணாயாம கிளாஸில் எண்ணிக்கை சொல்லி மூச்சு விடச் சொல்றாங்களே, அதே வேலையைப் பாட்டில் வரியின் நீளம் செய்துடுது. நீங்க எண்ணவே வேண்டாம்.

இப்போ 15 பேர் ஒரே பாட்டைப் பாடினா? வரி முடியிற இடம் எல்லாருக்கும் ஒண்ணு. அப்போ மூச்சு எடுக்கிற இடமும் ஒண்ணு. அப்போ இதயம்? ஸ்வீடனில் கோதென்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் விக்ஹாஃப் குழு 2013-ல் வெளியான ஆராய்ச்சியில் இதைத்தான் சோதிச்சது. உங்க வயசுக்காரங்கதான், 18 வயசு 15 பேர். முதலில் ஆளாளுக்கு இஷ்டப்பட்டபோது மூச்சு விட்டு ஒரே சுரத்தை முனகினாங்க. அடுத்து ஒரு துதிப்பாடல். அடுத்து ஒரு மந்திரத்தை மெதுவா திரும்பத் திரும்பப் பாடினாங்க. பாட்டும் மந்திரமும் பாடும்போது அவங்க இதயத் துடிப்புகள் ஒண்ணா ஏறி, ஒண்ணா இறங்கின. சினிமாவில் காதல் ஜோடிக்கு மட்டும்தான் இதயம் ஒண்ணா துடிக்கும்னு யார் சொன்னது?

கேட்டா போதாதா?

‘நான்தான் நாள் முழுக்க பாட்டு கேட்கிறேனே’ன்னு ஹெட்செட் பார்ட்டிகள் கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஜெர்மனியில் 2004-ல் வெளியான ஆராய்ச்சி ஒண்ணு இதுக்குப் பதில் சொல்லுது. ஒரு அமெச்சூர் பாட்டுக் குழு. ஒரு வாரம் மொஸார்ட்டின் ‘ரெக்வியம்’ பாடினாங்க. இன்னொரு வாரம் அதையே உட்கார்ந்து கேட்டாங்க. ரெண்டு தடவையும் முன்னும் பின்னும் எச்சில் சாம்பிள் எடுத்தாங்க. கிருமிகளுக்கு எதிரா வாயிலேயே காவல் காக்கிற எதிர்ப்புப் புரதம் ஒண்ணு, பாடின நாளில் கூடியிருந்தது. கேட்ட நாளில் கூடலை. ஆனா, மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் குறைஞ்சது கேட்ட நாளில்தான். அதனால கேட்கிறது வேஸ்ட்டுனு அர்த்தம் இல்லை. பாடுறது வேற வேலை, கேட்கிறது வேற வேலை.

பாடி கார்டிசால் குறைஞ்ச கதையும் உண்டு. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் புற்றுநோயாளிகளுக்காகவும், அவங்களைப் பார்த்துக்கிற குடும்பத்தாருக்காகவும், அந்த நோய்க்குச் சொந்தங்களைப் பறிகொடுத்தவங்களுக்காகவும் ‘டெனோவஸ்’ தொண்டு நிறுவனம் பாட்டுக் குழுக்கள் நடத்துது. 2016-ல் வெளியான ஆராய்ச்சியில் அங்கே 5 குழுக்களில் 193 பேரை ஆராய்ஞ்சாங்க. 70 நிமிஷம் பாடின பிறகு கார்டிசால் இறங்கியிருந்தது, மனசும் லேசாகியிருந்தது.

குழந்தை பெத்த பிறகு சில அம்மாக்களை மன அழுத்தம் பிடிச்சு ஆட்டும். 2018-ல் வெளியான ஆராய்ச்சியில் லண்டனில் இப்படிப்பட்ட 134 அம்மாக்களை மூணு பிரிவா பிரிச்சாங்க. ஒரு பிரிவுக்கு 10 வாரம் குழுவா பாட்டு. ஒரு பிரிவுக்குக் குழுவா விளையாட்டு. மூணாவது பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். போகப் போக எல்லாரும்தான் தேறினாங்க. ஆனா அழுத்தம் அதிகமா இருந்தவங்களில், பாடினவங்க வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைச்சவங்களைவிடச் சீக்கிரம் தேறினாங்க. கைக்குழந்தையோட தவிக்கிற அம்மாவுக்கு ‘சீக்கிரம்’ங்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்க அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க.

கொஞ்சம் பிரேக் போடுவோம்

இதைப் படிச்சுட்டு ‘மாத்திரையை நிறுத்து, மைக்கைப் பிடி’ன்னு கிளம்பிடாதீங்க. இந்த ஆராய்ச்சிகளில் பலதும் சின்னது. 15 பேர், 30 பேர்தான். பாட ஆசைப்பட்டு வந்தவங்களை வெச்சுத்தான் பெரும்பாலும் பார்த்திருக்காங்க. பாட்டுப் பிடிக்காதவனை இழுத்து வந்து பாட வெச்சா என்ன ஆகும்னு இதை வெச்சுச் சொல்ல முடியாது.

ஒரு நல்ல உதாரணம். கொரோனா வந்து போன பிறகும் மூச்சுத் திணறலால் அவதிப்பட்டவங்களுக்கு ‘இங்கிலீஷ் நேஷனல் ஆபரா’ தாலாட்டுப் பாடல்களை வெச்சு ஆன்லைனில் மூச்சுப் பயிற்சி கொடுத்தது. 150 பேரை வெச்சு முறைப்படி சோதிச்சு, 2022-ல் முடிவைச் சொன்னாங்க. 6 வாரத்தில் மனநலம் சார்ந்த மதிப்பெண் ஏறியிருந்தது. உடல்நலம் சார்ந்த மதிப்பெண்ணில் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. பாட்டு துணைக்கு வரும். டாக்டர் வேலையை டாக்டர்தான் பார்க்கணும்.

அதே கொரோனா பாட்டின் இன்னொரு முகத்தையும் காட்டிச்சு. 2020 மார்ச் 10. அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் ஸ்காஜிட் வேலி பாட்டுக் குழு இரண்டரை மணி நேரம் பயிற்சி பண்ணினாங்க. வந்தவங்க 61 பேர். தொற்று பரவினது 53 பேருக்குனு அரசு விசாரணை சொல்லிச்சு. ரெண்டு பேர் இறந்தே போயிட்டாங்க. ஆழமா மூச்சு இழுத்து, பலமா விட்டு, பக்கத்துல பக்கத்துல நின்னு பாடுற அதே விஷயம்தான் கிருமிக்கும் வசதியாப் போச்சு. ஸோ, சளி, காய்ச்சல்னா அந்த வாரம் லீவு போடுங்க. ஜன்னலைத் திறந்து வைங்க.

‘ஏய், ஒரு பாட்டுப் பாடு!’

சரி, இப்போ நம்ம கேம்பஸுக்கு வருவோம்.

முதல் வருஷம் ஹாஸ்டலில் சேர்ந்தவனுக்கு முதல் மாசம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். வீட்டுக்கு போன் பண்ணினா அழுகை வரும்னு போனே பண்ணாம இருப்பான். மெஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்றதுன்னு தெரியாம தட்டைப் பிடிச்சுட்டு நிப்பான். படிப்பை விட்டுட்டு ஊருக்கே போயிடலாமானு தோணுற மாசம் அதுதான்.

அந்த மாசத்துக்குத்தான் இன்னொரு ஆராய்ச்சி முக்கியம். டன்பார் குழுவே இங்கிலாந்தில் பண்ணி, 2015-ல் வெளியிட்டது. புதுசா ஆரம்பிச்ச மாலை நேர வகுப்புகளை 7 மாசம் தொடர்ந்து கவனிச்சாங்க. சிலது பாட்டு வகுப்பு, சிலது கைவினை, கதை எழுதுறது. ஏழாவது மாசம் பார்த்தா எல்லா வகுப்பிலும் நெருக்கம் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனா முதல் மாசத்திலேயே ரொம்ப வேகமா நெருங்கினவங்க பாட்டு வகுப்புக்காரங்கதான். பேர், ஊர், ஜாதகம் எல்லாம் விசாரிச்சுப் பழக வேண்டியதில்லை. பாட்டு நேரா உள்ளே கொண்டுபோய் விட்டுடுது. தனிமை கொல்ற அந்த முதல் மாசத்துக்கு இதைவிடச் சீப்பான மருந்து என்ன இருக்கு?

ஆனா, நம்ம ஊர் காலேஜில் முதல் வருஷத்துக்காரனுக்கும் பாட்டுக்கும் உள்ள சம்பந்தம் வேற. ‘ஏய், இங்கே வா... ஒரு பாட்டுப் பாடு!’ தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது 1997-ல். அதுக்கப்புறமும் ‘சும்மா பாடத்தானே சொன்னோம் சார்’ங்கிற சால்ஜாப்பு மட்டும் சாகலை. பாட்டு பாட்டுதானேனு நினைக்காதீங்க. பத்து பேர் சுத்தி நின்னு சிரிக்க, ஒருத்தன் மட்டும் நடுங்கிக்கிட்டே பாடுறது, மேலே சொன்ன அத்தனைக்கும் நேர் எதிர். அங்கே துடிப்பு ஒண்ணா சேராது. ஒருத்தன் இதயம் மட்டும் தடதடன்னு அடிச்சுக்கும். சீனியர் அண்ணன்களே, அக்காக்களே... உண்மையிலேயே அவன் பாடணும்னு ஆசையா? அவன்கூடச் சேர்ந்து பாடுங்க.

வாயை மட்டும் அசைக்கிறவங்களுக்கு...

‘எனக்குப் பாட வராது.’ பத்துப் பேரைக் கேட்டா எட்டுப் பேர் இதைத்தான் சொல்வாங்க. ஸ்கூல் ஆண்டு விழாவில் யாரோ ஒரு மிஸ், ‘நீ சும்மா வாயை மட்டும் அசை கண்ணா’னு சொல்லியிருப்பாங்க. அன்னைக்கு மூடின வாய், குளியலறையைத் தவிர வேற எங்கேயும் திறக்கலை.

நிஜத்தில் சுரமே பிடிபடாத குறைபாடு ஒண்ணு இருக்கு. ‘அம்யூஸியா’னு பேரு. 2017-ல் வெளியான ஆராய்ச்சியில் 16,000-க்கும் மேற்பட்டவங்களை ஆன்லைனில் சோதிச்சப்போ, பிறவியிலேயே இது இருந்தது சுமார் 1.5 சதவீதம் பேருக்குத்தான். அறுபது பேர் இருக்கிற கிளாஸில் ஒரே ஒருத்தர். மீதி 59 பேருக்கு இருக்கிறது குறைபாடு இல்லைங்க, கூச்சம். அந்த ஒருத்தருக்கும் சேர்ந்து பாடத் தடை ஒண்ணும் கிடையாது.

நம்ம காலேஜ்களில் பாட்டுன்னா உடனே லைட் மியூசிக் ட்ரூப். ஆடிஷன் வெச்சு ஆறு பேரை எடுப்பாங்க. மத்த ஆயிரம் பேர் கீழே உட்கார்ந்து விசில் அடிக்கணும். கல்ச்சுரல்ஸில் கப்பு ஜெயிக்க அந்த ஆறு பேர் வேணும்தான். ஆனா அந்த ஆயிரம் பேருக்கு? சினிமா இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் இதை அப்பவே யோசிச்சவர். ‘மெட்ராஸ் யூத் கொயர்’ தொடங்கி, இளைஞர்களைக் கூட்டம் கூட்டமா நிற்க வெச்சு, பாரதியார் பாட்டில் இருந்து பல இந்திய மொழிப் பாட்டு வரை பாட வெச்சார். ‘சேர்ந்திசை’னு அதுக்கு அழகான ஒரு தமிழ்ப் பேரும் இருக்கு. 1988-ல் அவர் மறைஞ்சுட்டார். அவர் போட்ட பாதை இருக்கு. நடக்கத்தான் ஆள் வேணும்.

இந்த வாரமே ஆரம்பிக்கலாமா?

* ஆடிஷன் கிடையாது. வர்றவங்க எல்லாரும் உள்ளே. ‘நல்லா பாடுறவங்க முன்னாடி வாங்க’ங்கிற பேச்சே வேண்டாம். வட்டமா நில்லுங்க. வட்டத்துக்கு முன் வரிசை ஏது?

* வாரம் ஒரு நாள், அதே நேரம், அதே இடம். மொட்டை மாடி, ஆடிட்டோரியத்துக்குப் பின்னாடி மரத்தடி, எதுவா இருந்தாலும் சரி. ஒரு மணி நேரம் போதும்.

* பாடியன்ஸ் மட்டும்தான், ஆடியன்ஸ் இல்லை. வேடிக்கை பார்க்க வர்றவங்களையும் வட்டத்துக்குள்ளே இழுத்துடுங்க. முக்கியமா, செல்போன் வீடியோ கூடாது. ஸ்டேட்டஸில் போட ஆரம்பிச்சீங்கன்னா கூச்ச சுபாவி அடுத்த வாரம் வரமாட்டான்.

* கட்டையைக் குறைங்க. சினிமாப் பாட்டைப் பாடகர் பாடின அதே சுருதியில் எடுத்தா, சரணத்தில் பாதிப் பேருக்குத் தொண்டை கிழியும். எல்லாருக்கும் எட்டுற மாதிரி கீழே இறக்கி ஆரம்பிங்க. முதல் 5 நிமிஷம் வாயை மூடி ‘ம்ம்ம்’னு முனகினா குரல் சூடாகும். பக்கத்தில் தண்ணி பாட்டில் இருக்கட்டும்.

* எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு ரெண்டு, புதுசு ஒண்ணு. அஸ்ஸாமில் இருந்து வந்து படிக்கிற பையன் இருந்தா, அவன் ஊர்ப் பாட்டை அவனையே சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்க. அர்த்தம் புரியாம மொத்த வட்டமும் அவன் மொழியில் பாடும்போது, அவன் முகத்தைப் பாருங்க.

* கிண்டல் தடை. அபஸ்வரம் வரும். வரட்டும். இருபது குரலில் ஒரு குரல் தடுமாறினா மீதி 19 அதைத் தாங்கிப் பிடிக்கும்.

* பரீட்சை நேரத்தில் நிறுத்தாதீங்க. அப்போதான் ரொம்பத் தேவை. அரை மணி நேரமாவது பாடிட்டு அப்புறம் அரியர் பேப்பரைப் பாருங்க.

கடைசியா ஒண்ணு. உங்க மாடியிலேயே ஒரு ரூம் இருக்கும். எப்பவும் கதவு சாத்தியிருக்கும். ‘அவன் யாரோடயும் சேரமாட்டான்’னு ஒரு பேரும் கட்டியிருப்பீங்க. இந்த வியாழக்கிழமை சாயங்காலம் அந்தக் கதவைத் தட்டுங்க. ‘பாட வர்றியா?’னு கேட்காதீங்க, பயந்துடுவான். ‘கோரஸுக்கு ஒரு ஆள் குறையுது மச்சி, வா’னு கூப்பிடுங்க.